கடும் வெயிலில் காம்பு நீள: வீட்டுக் கொய்மலர்ப் பாத்தி

பார்த்து மகிழ வளர்க்கும் பூச்செடிக்கும் சாடியில் வைக்க வளர்க்கும் பூச்செடிக்கும் கணக்கு வேறு. முதலாவதில் செடி நிறையப் பூத்தால் போதும். இரண்டாவதில் பூவைத் தாங்கும் காம்பு 40 செ.மீ.க்குக் குறையாமல், நேராக, விறைப்பாக வர வேண்டும். வெயில் கைவைப்பது அந்தக் காம்பில்தான். பகலில் இலை சமைத்த சர்க்கரையில் பெரும்பங்கை, வெப்பம் தணியாத இரவில் செடி சுவாசித்தே தீர்த்துவிடுகிறது. நீண்டு வளர மிச்சம் இல்லாததால் அவசரமாக மொட்டு வைக்கிறது. காம்பு குட்டையாகிறது, பூ சிறுக்கிறது.

வெயிலைக் குறைக்க நம்மால் ஆகாது. ஆனால் காம்பின் நீளம் பெரும்பாலும் நம் கத்தரிக்கோலில் இருக்கிறது. சரியான இனம், நெருக்கமான நடவு, தயங்காமல் நுனி கிள்ளுவது, தாழ வெட்டுவது: இந்த நான்கும் கூடினால் 35 டிகிரியைத் தாண்டும் நாள்களிலும் வாரம் இருமுறை வாளி நிறையப் பூ எடுக்கலாம்.

எதை நடுவது

தொடங்குபவர்கள் ஜினியாவில் தொடங்குங்கள். விதைத்த ஐந்தாறு நாளில் முளைக்கும், எட்டு முதல் பத்து வாரத்தில் முதல் பூ கிடைக்கும், வெட்ட வெட்டத் தழைக்கும். விதைப் பொட்டலத்தில் வண்ணத்தைப் பார்ப்பதற்கு முன் உயரத்தைப் பாருங்கள். 75 செ.மீ.க்குக் குறைவான உயரம் போட்டிருந்தால் அது தொட்டிக்கும் வரப்புக்கும் உண்டான குள்ள இனம். என்ன உரம் போட்டாலும் காம்பு வராது. 'பெனரிஸ் ஜெயன்ட்' வரிசை ஒரு மீட்டர் உயரம் வரும், பூ உள்ளங்கை அகலம். 'ஒக்லஹோமா' வரிசையின் பூ சிறியது, ஆனால் இலையில் வெள்ளைத் திட்டாகப் படரும் சாம்பல் நோயை நன்றாகத் தாங்கும். காற்றில் ஈரம் மிகுந்த இடங்களில் பெரிய பூவை விட்டுக்கொடுத்து இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

அடுத்தது வாடாமல்லி. இதைவிட வெயிலை விரும்பும் கொய்மலர் குறைவு. முளைக்க 10 முதல் 14 நாள் ஆகும். விதையைச் சுற்றிப் பஞ்சுபோல இருக்கும் உறையோடு ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்தால் முளைப்பு சீராகும். நாற்றுப் பருவத்தில் மெதுவாக வளர்வதைக் கண்டு பிடுங்கிவிடாதீர்கள். வெப்பம் ஏறியதும் வேகம் பிடிக்கும். இதிலும் உயர இனத்தையே வாங்க வேண்டும். சிவப்பில் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்' நல்ல நீளக் காம்பு தரும்.

கோழிக்கொண்டையில் மூன்று வடிவம் உண்டு: சேவல் கொண்டைபோல மடிந்தது, தீச்சுடர்போல இறகாக நிற்பது, கதிர்போல ஒடுங்கியது. கொத்துகளுக்கு இறகும் கதிரும் அதிகம் பயன்படும், ஒரு செடியிலிருந்தே பல காம்பு கிடைக்கும். மடிந்த கொண்டை தனியாக வைத்தால்தான் எடுப்பாக இருக்கும்.

சூரியகாந்தியில் மகரந்தம் உதிர்க்காத, ஒற்றைக் காம்பு இனங்கள் கொய்மலருக்கென்றே உருவாக்கப்பட்டவை ('புரோகட்', 'சன்ரிச்' வரிசைகள்). மேசை விரிப்பில் மஞ்சள் பொடி கொட்டாது. சாடியில் மற்ற சூரியகாந்தியைவிடக் கூடுதல் நாள் நிற்கும். 50 முதல் 60 நாளில் பூத்துவிடும். ஆனால் ஒரு செடிக்கு ஒரே பூ என்பதால் பத்து நாளைக்கு ஒரு முறை பத்து விதை என்று தவணையாக ஊன்ற வேண்டும்.

காஸ்மாஸில் ஆரஞ்சு, மஞ்சள் நிறப் பூக்கள் தரும் இனம் வெயில் தாங்கும். இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பூக்கும் மெல்லிலை இனம் பகல் நீளும் பருவத்தில் இலையாகவே உயர்ந்து பூக்கத் தாமதிக்கும். இரண்டுமே சாடியில் நான்கைந்து நாளுக்கு மேல் நிற்பதில்லை என்பதையும் தெரிந்துகொண்டு நடுங்கள். உயரச் செண்டுமல்லி, கெய்லார்டியா, நிலச்சம்பங்கிக் கிழங்கு ஆகியவையும் தாராளமாகச் சேர்க்கலாம். நிலச்சம்பங்கியை 5 செ.மீ. ஆழத்தில், 20 செ.மீ. இடைவெளியில் ஊன்றினால் போதும். இரண்டு பூ விரிந்ததும் கதிரை வெட்டினால் மேலுள்ள மொட்டுகள் சாடியில் ஒவ்வொன்றாக விரியும்.

பலரும் மறந்துபோவது பசுந்தழை. பூ மட்டும் இருந்தால் கொத்து நிற்காது. திருநீற்றுப்பச்சை நாலைந்து செடி வைத்தால் மணத்தோடு தழையும் ஆயிற்று. செந்தண்டுக் கீரையைப் பூக்கவிட்டாலும் தொங்கும் கதிர் அருமையாகப் பயன்படும்.

பாத்தி

நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழும் இடம் வேண்டும். காலை வெயில் முழுதும் கிடைத்து, மாலை நான்கு மணிக்கு மேல் நிழல் விழும் இடம் கிடைத்தால் விடாதீர்கள். அப்படி இல்லையென்றால் பாத்தியின் மேற்கு ஓரத்தில் சூரியகாந்தியை ஊன்றுங்கள். பிற்பகல் வெயிலை அதுவே கொஞ்சம் மறைக்கும்.

அகலம் ஒரு மீட்டர். இருபுறமிருந்தும் கை எட்டும், உள்ளே கால் வைத்து மண்ணை மிதிக்க வேண்டியிருக்காது. நீளம் 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 25 செ.மீ. இடைவெளியில் குறுக்கே 4 செடி வீதம் 12 வரிசை, மொத்தம் 48 செடி. இதில் ஜினியா 16, வாடாமல்லி 12, கோழிக்கொண்டை 12, திருநீற்றுப்பச்சை 8 என்று பிரித்தால் ஒரு வீட்டுக்குத் தாராளம். சூரியகாந்தியை இந்தக் கணக்கில் சேர்க்காமல் தனிக் கீற்றாக 15 செ.மீ. இடைவெளியில் ஊன்றுங்கள். இடைவெளி கூடக் கூட அதன் தலை பெருக்கும், 30 செ.மீ. விட்டால் வரும் பூ வீட்டுச் சாடிக்கு அடங்காது.

மேல்மண்ணை 20 செ.மீ. ஆழம் கொத்தி, அதன்மேல் 5 செ.மீ. கனத்துக்கு நன்கு மட்கிய எருவைப் பரப்பிக் கலக்கவும். ஒரு சதுர மீட்டருக்கு 50 லிட்டர் வரும், அதாவது நடுத்தர வாளியில் ஐந்து. மட்காத சாணம் சேர்ந்தால் வேர் கருகும், களை விதையும் கூடவே வரும். களிமண்ணானால் பாத்தியை 15 செ.மீ. உயர்த்துங்கள், வெயில் காலத்தில் திடீர் மழை பெய்து நீர் தேங்கினால் சூடான மண்ணில் வேரழுகல் ஓரிரு நாளிலேயே பிடித்துவிடும். மணற்பாங்கான மண்ணானால் எருவை இரட்டிப்பாக்குங்கள்.

தழைச்சத்து மிகுந்த உரத்தை நடும்போது கொட்ட வேண்டாம். காஸ்மாஸும் ஜினியாவும் கொழுத்த மண்ணில் இலையாக வளர்ந்து, காம்பு சதசதவென்று சாய்ந்துவிடும். முதல் வெட்டு முடிந்த பிறகு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நீர்த்த திரவ உரம் கொடுத்தால் போதும். அதுவும் ஈர மண்ணில் மட்டும்.

விதைப்பு

ஜினியா, காஸ்மாஸ், சூரியகாந்தி ஆகியவற்றை நேராகப் பாத்தியிலேயே விதைக்கலாம். ஜினியாவும் காஸ்மாஸும் அரை முதல் ஒரு செ.மீ. ஆழம், சூரியகாந்தி இரண்டரை செ.மீ. ஆழம். வெயில் காலத்தில் முளைப்பு தவறுவதற்குப் பெரும்பாலும் விதை காரணமாக இருக்காது. மேல்மண் சூடேறி, காய்ந்து, ஓடுபோல இறுகிவிடுவதுதான் காரணம். ஆகவே மாலையில் விதையுங்கள். முதலில் சாலில் தண்ணீர் விட்டு அது இறங்கிய பிறகு விதையைப் போட்டு, உலர்ந்த மண்ணால் மூடி, மேலே ஈரச் சாக்கை விரியுங்கள். மூன்றாம் நாளிலிருந்து காலையும் மாலையும் சாக்கைத் தூக்கிப் பார்க்க வேண்டும். முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிடவும். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளுத்து நெடுநெடுவென்று நீண்டு ஒடியும்.

கோழிக்கொண்டை விதை கடுகைவிடச் சிறியது, முளைக்க வெளிச்சம் வேண்டும். குழித்தட்டில் (நாற்று வளர்க்கும் சிறு குழிகள் கொண்ட தட்டு) தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து நிரப்பி, ஈரப்படுத்தி, விதையை மேலே தூவி விரலால் அழுத்தினால் போதும், மூடக் கூடாது. தண்ணீரை மேலிருந்து ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். தட்டையே ஓர் அகலப் பாத்திரத்து நீரில் கால் மணி நேரம் வைத்து எடுங்கள், கீழிருந்து உறிஞ்சிக்கொள்ளும்.

இந்தச் செடியின் விஷயத்தில் ஒரு தவறு மன்னிப்பில்லாதது: நாற்றைத் தட்டில் அதிக நாள் வைத்திருப்பது. வேர் சுருண்டாலோ, இரண்டு முறை வாடி நிமிர்ந்தாலோ, தன் காலம் முடிந்துவிட்டதென்று எண்ணி விரற்கடை உயரத்திலேயே கொண்டை வைத்துவிடும். அதன்பின் நல்ல மண்ணுக்கு மாற்றினாலும் உயரம் வராது. இரண்டு மூன்று ஜோடி இலை வந்ததும், நான்கைந்து வாரத்துக்குள் நட்டுவிடுங்கள். வாடாமல்லியும் குழித்தட்டு நாற்றாகவே நன்றாக வரும், ஆனால் அது இவ்வளவு கோபக்காரச் செடி இல்லை.

நடவு எப்போதும் மாலையில். நட்ட பின் மூன்று முதல் ஐந்து நாள் வரை 30 சதவீத நிழல்வலை கட்டி, பிறகு எடுத்துவிடவும். வலையை நிரந்தரமாக விட்டால், அதுவும் 50 சதவீத வலையானால், செடி வெளிச்சம் தேடி நீண்டு மெலியும், பூவும் குறையும்.

நுனி கிள்ளுவதும் வலை கட்டுவதும்

ஜினியா 25 முதல் 30 செ.மீ. உயரம் வந்ததும், கீழிருந்து மூன்று அல்லது நான்கு ஜோடி இலையை விட்டு, அதற்கு மேலுள்ள நடுத்தண்டை வெட்டி எறியுங்கள். பெரும்பாலும் அதில் முதல் மொட்டு தெரிந்துகொண்டிருக்கும், மனம் வராது. ஆனால் அந்த ஒரு பூவை விட்டுவைத்தால், அதன் கீழே குட்டைக் காம்புகள் நான்கைந்து கிளைத்து, பாத்தி முழுக்க ஒரு சாண் காம்புப் பூவாகவே கிடைக்கும். வெட்டிவிட்டால் ஒவ்வொரு கணுவிலிருந்தும் இரண்டு கிளை தரைக்கு அருகிலிருந்தே கிளம்பி முழு நீளக் காம்பாக நிமிரும். பூப்பது இரண்டு வாரம் தள்ளிப்போகும். அந்தக் காத்திருப்புக்கு ஆறு எட்டுக் காம்பு கூலி.

வாடாமல்லி, இறகுக் கோழிக்கொண்டை, காஸ்மாஸ், செண்டுமல்லி, திருநீற்றுப்பச்சை எல்லாவற்றுக்கும் இதே முறைதான். ஒற்றைக் காம்பு சூரியகாந்தியையும், பெரிய மடிந்த கொண்டைக்காக வளர்க்கும் கோழிக்கொண்டையையும் மட்டும் கிள்ளக் கூடாது. கிள்ளினால் சூரியகாந்தியில் பூவே இருக்காது.

கிள்ளிய அதே வாரம், செடி சாயாமல் தாங்கும் வலை கட்டுங்கள். 15 செ.மீ. சதுரக் கண்ணுள்ள வலையைப் பாத்தியின் நான்கு மூலையிலும், நடுவிலும் கம்பு நட்டு, 35 செ.மீ. உயரத்தில் விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும். செடிகள் கண் வழியே மேலேறும். ஒரு மீட்டர் வளரும் இனங்களுக்கு 65 செ.மீ. உயரத்தில் இரண்டாவது வலை. சாய்ந்த பிறகு கட்டலாம் என்று நினைத்தால் முடியாது: சாய்ந்த தண்டு ஒரே இரவில் நுனியை வானத்துக்குத் திருப்பிவிடும், பிறகு நிமிர்த்தினாலும் வளைவு வளைவுதான்.

தண்ணீரும் மூடாக்கும்

தினமும் கொஞ்சம் தெளிப்பதுதான் வெயிலில் செடியைக் கெடுக்கும் முதல் பழக்கம். மேலே இரண்டு விரற்கடை மட்டும் நனைந்தால் வேரும் அங்கேயே தங்கும். மண்ணில் சூடு அதிகம் ஏறும் இடமும் அதுவே. ஒரு சதுர மீட்டருக்கு வாரம் 25 லிட்டர், கொளுத்தும் வாரங்களில் 35 முதல் 40 லிட்டர் என்று கணக்கு வைத்து, அதை இரண்டு மூன்று தவணையாக விடுங்கள். மணல் மண்ணில் அதே அளவை நான்கைந்து தவணையாகப் பிரிக்க வேண்டும். தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் கழித்து ஓரமாகக் கொத்திப் பாருங்கள்: 15 செ.மீ. ஆழம் வரை நனைந்திருந்தால் சரி.

சொட்டுநீர்க் குழாய் 30 செ.மீ.க்கு ஒரு துளையாக, மீட்டர் அகலப் பாத்திக்கு மூன்று கோடு. குழாய் இல்லையென்றால் வாளியால் அடியில் ஊற்றுங்கள், இலைமேல் வேண்டாம். ஜினியாவுக்கு வரும் இலைப்புள்ளி நோய்கள் தெறிக்கும் தண்ணீரில்தான் செடிவிட்டுச் செடி தாவுகின்றன.

நடுப்பகலில் இலை தொங்கினால் உடனே வாளியைத் தூக்காதீர்கள். இலை ஆவியாக்கும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாத சில மணி நேரம் அது. சூரியன் இறங்கியதும் நிமிர்ந்தால் கவலையில்லை. காலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால் விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் தேவை. ஈரமாக இருந்தால் வேர் அழுகுகிறது. மேலும் தண்ணீர் விட்டால் செடி போய்விடும்.

செடிகள் ஒரு சாண் வளர்ந்ததும் வைக்கோல், காய்ந்த இலை, புல் எதையாவது 5 முதல் 7 செ.மீ. கனத்துக்கு மூடாக்காகப் பரப்பவும். தண்டை ஒட்டி நான்கு விரல் இடம் விடவும். இந்த ஒரு வேலை தண்ணீர், களை, மண்சூடு மூன்றையும் குறைக்கிறது. நேரமில்லை என்று சொல்லி விடக்கூடிய வேலை அல்ல.

பூச்சியும் நோயும்

வெப்பமும் வறட்சியும் சேர்ந்தால் சிவப்புச் சிலந்தி வரும். இலையின் மேல்புறம் ஊசி குத்தினாற்போல வெளிறிய புள்ளிகள், அடியில் நுண்ணிய நூலாம்படை. வெள்ளைத் தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டினால் ஊரும் புள்ளிகள் தெரியும். விடியற்காலையில் இலையின் அடிப்புறத்தில் விசையாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள், மூன்று நாளைக்கு ஒரு முறை, நான்கு தடவை. வெயில் ஏறுமுன் இலை உலர்ந்துவிடும்.

இலைப்பேன் பூவின் உள்ளேயே ஒளிவதால் மருந்து எட்டுவது கடினம். இதழோரம் பழுப்பேறிய பூக்களை உடனே வெட்டி அகற்றுவதே சிறந்த வழி. அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெய், ஒன்றிரண்டு மி.லி. மென்சோப்புக் கரைசல் கலந்து, சூரியன் மறைந்த பின் தெளியுங்கள். பகல் வெயிலில் தெளித்தால் எண்ணெய் இலையைப் பொசுக்கும். விரிந்த பூமேல் படக் கூடாது, கறை விழும்.

சாம்பல் நோய் ஜினியாவின் அடியிலைகளில் தொடங்கும். முதல் வெள்ளைத் திட்டு தெரிந்ததும் அந்த இலைகளைக் கிள்ளி அகற்றி, உள்ளே மெலிந்து நிற்கும் கிளைகளையும் கழித்தால் காற்று புகுந்து நோய் மட்டுப்படும். நடவு நெருக்கம் என்றேன், ஆனால் 20 செ.மீ.க்குக் கீழே போனால் இந்த நோய்க்கு அழைப்புதான்.

எப்போது, எங்கே வெட்டுவது

விடிந்து வெயில் ஏறுமுன் வெட்டுங்கள். இரவெல்லாம் நீர் உறிஞ்சிக் காம்பு விறைத்திருக்கும் நேரம் அது. முடியாவிட்டால் சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழித்து. பத்து மணி வெயிலில் வெட்டிய பூ வாளிக்குப் போகுமுன்பே தோற்றுவிடும்.

ஜினியாவின் பூ விரிந்திருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. பூவுக்கு ஒரு சாண் கீழே காம்பைப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். கழுத்து துவண்டு ஆடினால் இன்னும் இரண்டு மூன்று நாள் ஆக வேண்டும், வெட்டினால் சாடியில் தலைகுனியும், மொட்டாக இருந்தால் மேற்கொண்டு விரியவும் விரியாது. காம்பு குச்சிபோல நேராக நின்றால் வெட்டலாம். வாடாமல்லிக்கும் இதே சோதனை. சூரியகாந்தியை, இதழ்கள் முகத்தை விட்டு எழும்பத் தொடங்கியதுமே வெட்ட வேண்டும். முழுதும் விரிந்த பின் வெட்டினால் இரண்டு மூன்று நாள் ஆயுள் போயிற்று. காஸ்மாஸை இதழ் பிரியும் மொட்டாக. கோழிக்கொண்டை முக்கால்வாசி உருண்டு திரண்டதும், அடியில் விதை முற்றுமுன். திருநீற்றுப்பச்சையின் இளந்தளிர் உடனே வதங்கும். பூங்கதிர் நீண்டு தண்டு கட்டையாகத் தொடங்கியதும் வெட்டினால்தான் ஒரு வாரம் நிற்கும்.

காம்பை எவ்வளவு தாழ வெட்டுவது என்பதில்தான் அடுத்த பூவின் நீளம் இருக்கிறது. கிளை புறப்படும் இடம் வரை இறங்கி, அங்கே ஒரு ஜோடி இலையை மட்டும் விட்டு அதன்மேல் வெட்டுங்கள். கூடவே இரண்டு மொட்டு போய்விடும், போகட்டும். மேலோட்டமாக வெட்டினால் அடுத்த காம்பு மேலிருந்தே கிளம்பிக் குட்டையாக நிற்கும். வெட்டாத பூவைச் செடியிலேயே காயவிடவும் கூடாது, விதை பிடித்தால் செடி பூப்பதைக் குறைத்துவிடும். தேவையோ இல்லையோ, வாரம் இருமுறை வெட்டு.

கத்தரிக்கோலும் வாளியும் சுத்தமாக இருக்க வேண்டும், சோப்புப் போட்டுக் கழுவிய பாத்திரம்போல. வெட்டியவுடன் நீரில் மூழ்கும் இலைகளையெல்லாம் உருவிவிட்டு, காம்பைப் பாதிவரை தண்ணீரில் நிறுத்தி, இருட்டான குளிர்ந்த மூலையில் மூன்று மணி நேரம் வைத்த பிறகே கொத்து கட்டுங்கள். கோழிக்கொண்டையில் இலை முழுவதையும் உருவலாம், பூவுக்கு முன்பே அது வதங்கிக் கொத்தைக் கெடுக்கும்.

ஜினியாவின் சொரசொரப்பான காம்பு தண்ணீரைச் சீக்கிரம் கலங்கடிக்கும். லிட்டருக்கு மூன்று நான்கு துளி பிளீச்சிங் திரவம் விட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் மாற்றி, காம்பின் அடியை ஒரு செ.மீ. சாய்வாக வெட்டிவிட்டால் ஏழு நாள் நிற்கும். வெறும் சர்க்கரை மட்டும் போடுவது கிருமிக்கு விருந்து. ஜினியாவையும் திருநீற்றுப்பச்சையையும் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், குளிர் பட்டுக் கருத்துவிடும். சாடியைப் பழத்தட்டின் பக்கத்தில் வைப்பதும் தவறு: பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் உதிர்க்கும்.

மிஞ்சும் வாடாமல்லியையும் கோழிக்கொண்டையையும் பத்துப் பத்துக் காம்பாக ரப்பர் வளையம் போட்டு (காயும்போது காம்பு சுருங்கும், நூல் நழுவும்), இருட்டான காற்றோட்டமுள்ள இடத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டால் மூன்று வாரத்தில் நிறம் மாறாமல் காய்ந்துவிடும்.

ஒரு ஜினியாச் செடி எட்டு முதல் பத்து வாரம் வரை நல்ல காம்பு தரும். பிறகு பூ சிறுத்து, அடியிலை பழுத்து, நோய் தங்கும் இடமாகிவிடும். அதனால் முதல் விதைப்பு பூக்கத் தொடங்கும் வாரத்திலேயே அடுத்த விதைப்பைப் பக்கத்தில் போட்டுவிடுங்கள். பழைய செடியைப் பிடுங்காமல் மண்மட்டத்தில் அறுத்து, வேரை மண்ணிலேயே மட்கவிடலாம். புள்ளி விழுந்த தழையை மட்டும் எருக்குழியில் சேர்க்காமல் தனியே அப்புறப்படுத்துங்கள்.